ஒரு மரத்துக்காக ஒரு குடும்பத்தையே விரட்டுவார்களா? ஓல்மியின் இத்தாலியப் படம் பற்றி ஒரு கேள்வி

வாய்க்கால்கரை:

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் 'தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்' (மரச்செருப்புகளின் மரம்) போட்டார்கள். எர்மான்னோ ஓல்மி எடுத்த இத்தாலியப் படம், 1978-ல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. மூன்று மணி நேரம் ஓடுகிறது. ஒரு இடத்தில்கூட எழுந்து போகத் தோன்றவில்லை. ஆனால் அதன் கடைசிப் பத்து நிமிடம் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டில் சொன்னால் "படம்தானே" என்கிறார்கள். அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள். வட இத்தாலியில் பெர்கமோ பக்கத்துப் பண்ணைவீடு ஒன்று. நாலைந்து குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கின்றன. பாத்திஸ்தீ என்பவரின் மகன் மீனெக். பையன் கெட்டிக்காரன், பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பாதிரியார் சொல்கிறார். அப்பாவுக்குத் தயக்கம்தான். வயலில் ஒரு கை குறையும், அவ்வளவு தூரம் சின்னப் பையன் நடக்க வேண்டும். ஆனாலும் அனுப்புகிறார். அந்த வீட்டில் தம்பிப் பாப்பா பிறக்கிற நாளில் பையனின் மரச்செருப்பு பிளந்துபோகிறது. அவன் ஒரு காலில் செருப்பில்லாமல் வீட்டுக்கு நடந்து வருகிறான். அப்பா இருட்டில் போய் வாய்க்கால் கரையில் வரிசையாக நிற்கும் மரங்களில் ஒன்றை வெட்டி, அந்தக் கட்டையைக் குடைந்து புதுச் செருப்பு செய்கிறார். மரம் பண்ணைக்காரருக்குச் சொந்தம். விஷயம் தெரிந்ததும் குடும்பத்தை வெளியேற்றிவிடுகிறார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தவன். அந்தப் பையன் சிலேட்டும் கையுமாகத் தனியாக நடந்து போவதைப் பார்க்கும்போதே தொண்டை அடைத்தது. கடைசியில் அவன் வண்டியில் உட்கார்ந்து அழுகிறான். அப்பா வாய் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர்கூட வெளியே வரவில்லை. வண்டி கிளம்பிப் போன பிறகுதான் முற்றத்துக்கு வந்து, தூரத்தில் அதன் விளக்கு வெளிச்சம் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒரு மரத்துக்காக இப்படியெல்லாம் நிஜமாகவே நடந்ததா? ஒரு ஜோடி செருப்பை விலைக்கு வாங்க முடியாதா, இல்லை பழையதையே ஆணி அடித்துச் சரிசெய்யக் கூடாதா? அந்த அக்கம்பக்கத்து மனிதர்கள் ஏன் அப்படி இருந்தார்கள்? கோழைகள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அதே முற்றத்தில் இருக்கிற ஒரு விதவையின் மாடு சாகக் கிடந்தபோது அவளுக்காகத் துடித்தவர்கள்தானே அவர்கள்.

பழைய ப்ரொஜெக்டர்:

ஐயா, பதிலில் ஒரு பகுதி படத்தின் முதல் எழுத்துகளிலேயே இருக்கிறது. வேகமாக ஓடிவிடுவதால் பலர் தவறவிடுகிறார்கள். வீடு, தொழுவம், நிலம், மரங்கள், கால்நடையிலும் கருவிகளிலும் ஒரு பங்கு, எல்லாம் பண்ணைக்காரருக்குச் சொந்தம், விளைச்சலில் இரண்டு பங்கு அவருக்குப் போகும் என்று அங்கே போடுகிறார்கள். மூன்றில் இரண்டு மேல்வாரம் (பண்ணைக்காரர் பங்கு), ஒன்று குடிவாரம் (உழுபவர் பங்கு). இத்தாலியில் பரவலாக இருந்த, விளைச்சலைப் பங்கிடும் வார முறைக்கு 'மெட்ஸாத்ரியா' என்று பெயர், பேச்சுக்குப் பாதிக்குப் பாதி என்று பொருள். இந்தப் பண்ணையில் அந்தப் பாதிகூட இல்லை.

அந்தப் பட்டியலில் 'மரங்கள்' தனியாக எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஓல்மி முதல் நிமிடத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டார். நாம்தான் மூன்று மணி நேரத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

நடித்தவர்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. பெர்கமோ பகுதி விவசாயிகள். அவர்கள் பேசுவது பெர்கமோ வட்டாரப் பேச்சு, மற்ற இத்தாலியர்களுக்கே அது சரியாகப் புரியாது. எழுதியது, இயக்கியது, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு நான்கும் ஓல்மியே. அவரும் 1931-ல் பெர்கமோவில் பிறந்தவர்தான். பாட்டி சொல்லக் கேட்ட கதைகளிலிருந்து கட்டிய படம் இது.

மேகலா லொம்பார்தியா:

நான் பெர்கமோவுக்குத் தெற்கே சமவெளியில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடம் ஒரே பாட்டியுடன் இருந்தேன். 1929-ல் இப்படி ஒரு பண்ணைவீட்டில் பிறந்தவர். இங்கே அதைக் 'காஷீனா' என்பார்கள். ஐயாவின் கேள்வியைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. இரண்டு முறை இந்தப் படத்தை அவருடன் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரே படமில்லை. அவர் திரையில் முதலில் தேடியது எந்த வீட்டில் அடுப்பு புகைகிறது என்பதை.

செருப்பிலிருந்து தொடங்குகிறேன். அடி மட்டும்தான் மரம், மேலே ஒரு தோல் பட்டை வைத்துச் சின்ன ஆணிகளால் அறைந்திருக்கும். நார் ஓடும் போக்கிலேயே அது பிளக்கும். பிளந்த கட்டையில் ஆணி அடித்தால் பிளவு இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். பாட்டி சொல்வார், பனியில் நடந்தால் அடியில் பனி ஒட்டி ஒட்டிக் கட்டியாகிவிடும், நாலடிக்கு ஒரு தரம் நின்று சுவரில் உதைத்து உதிர்க்க வேண்டும், அப்படி உதைக்கும்போதுதான் பெரும்பாலும் பிளக்கும் என்று. கோடையில் ஊர் எல்லை வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்களாம். பள்ளி வாசலில்தான் போட்டுக்கொள்வது.

விலைக்கு வாங்கலாமே என்று கேட்டீர்கள். அந்த வீடுகளில் காசு கிடையாது ஐயா. மக்காச்சோளம் இருக்கும், கொஞ்சம் பால், நாலு கோழி இருக்கும். காசு என்று கண்ணில் படுவது வருடத்துக்கு ஒரு முறை, பட்டுப்புழுவால்தான். அந்தக் காலத்தில் பெர்கமோ இருக்கிற இந்த லொம்பார்தியா மாநிலம் முழுக்க மல்பெரி மரங்கள். மே மாதம் புழு வளர்ப்புத் தொடங்கினால் வீட்டில் நல்ல அறை புழுக்களுக்குப் போய்விடும், பிள்ளைகள் தொழுவத்துக்குப் போய்விடுவார்கள். முட்டை பொரிய வேண்டுமென்று அதைத் துணியில் முடிந்து பாட்டியின் அம்மா தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்குவாராம். கடைசி வாரத்தில் புழுக்கள் இரவும் பகலும் தின்னும், அந்தச் சத்தம் இலையில் மழை பெய்வது போல இருக்கும் என்று சொல்வார். அத்தனை பாடுபட்டு எடுத்த கூட்டிலும் பண்ணைக்காரருக்குப் பங்கு. மல்பெரி மரம் அவருடையது ஆயிற்றே.

இந்த இடத்தில்தான் உங்கள் 'ஒரு மரம்' வருகிறது. வயலின் ஓரத்தில் நிற்கிற எந்த மரமும் அங்கே சும்மா நிற்பதில்லை. மல்பெரி என்றால் பட்டு, மற்ற மரம் என்றால் விறகு, சட்டம், ஏர்க்கட்டை. எல்லாம் கணக்கில் இருக்கும். காய்ந்து விழுந்த சுள்ளி மட்டும்தான் குடியானவனுக்கு. இதெல்லாம் போக, கிறிஸ்துமஸுக்கு இத்தனை கொழுத்த சேவல், ஈஸ்டருக்கு இத்தனை முட்டை பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாரத்தோடு சேராத தனிக் கடன் அது. பாட்டியின் வீட்டில் கோழி இருந்தும் முட்டை சாப்பிட்டது காய்ச்சல் வந்தால்தான்.

அப்புறம் சாப்பாடு. படத்தில் மஞ்சளாகக் கொட்டுவார்களே, அது போலேந்தா. மக்காச்சோள மாவுக் களி. மரப்பலகையில் கவிழ்த்து நூலால் அறுப்பார்கள். காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான். சோளத்தை மட்டுமே தின்று பெல்லாக்ரா என்ற நோய் இந்தச் சமவெளி முழுக்க இருந்தது. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பார்கள், அதில் இருக்கிற சத்து அப்போதுதான் உடலில் சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் மட்டும் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும். பாட்டியின் அம்மாவழிப் பெரிய பாட்டி ஒருவரை அப்படித்தான் மனநோய் மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிப் போனார்களாம், திரும்பி வரவே இல்லை. அந்த நோயின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அந்தக் கேள்வியை நானும் பாட்டியிடம் கேட்டேன், கிட்டத்தட்ட கோபமாகவே கேட்டேன்.

இங்கே நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். வட இத்தாலியில் விவசாய ஒப்பந்தங்கள் அன்றோடு முடியும். வேண்டாம் என்று சொல்லப்பட்ட குடும்பம் அன்று வண்டி கட்ட வேண்டும். இன்றைக்கும் இந்தப் பக்கம் வீடு மாறுவதைச் 'சான் மார்த்தினோ செய்வது' என்றுதான் சொல்கிறார்கள். நகரத்தில் அடுக்குமாடி வீடு மாறும் இளைஞர்கள்கூட அந்தச் சொல்லையே சொல்லக் கேட்டிருக்கிறேன். பாட்டிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது முற்றத்தின் எதிர்ப்பக்கத்துக் குடும்பத்துக்கு அப்படி நேர்ந்தது. காரணம் மரமில்லை, பண்ணைக்காரரின் மேஸ்திரியோடு வாய்த்தகராறு. அன்றும் யாரும் வெளியே வரவில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி ஜன்னல் இடுக்கில் பார்க்கப் போனபோது அவர் அம்மா பின்னங்கழுத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாராம்.

பயம்தான், அதை அவர் மறைக்கவில்லை. வெளியே வந்து கட்டிப்பிடித்து அழுதால் மேஸ்திரி பார்ப்பான், அடுத்த நவம்பரில் நம் வண்டி. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்ததாம். கட்டில், கிழிந்த மெத்தை, மூத்திரக் கறை படிந்த பிள்ளைத் துணி, அடிபிடித்த பாத்திரம் என்று ஒரு வீட்டின் மொத்த ஏழ்மையும் முற்றத்தில் வெளிச்சத்தில் கிடக்கும். சோளத் தோலை அடைத்த மெத்தை அது, தூக்கும்போது சரசரவென்று ஊருக்கே கேட்கும். அதை நின்று பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்கிற அவமானம் என்று அம்மா சொன்னாராம். அதனால் பார்க்காமல் இருந்தார்கள்.

சரி, வேறு எதுவும் செய்யவில்லையா என்று கேட்டேன். அதற்கு முந்தின இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மா முந்தானையில் மாவை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பின்வழியாகப் போனார் என்று சொன்னார். அங்கே போனால் ஏற்கெனவே இரண்டு வீட்டுப் பெண்கள் இருட்டில் நின்றிருந்தார்களாம். ஒருத்தி கையில் ஒரு கட்டி கொழுப்பு, ஒருத்தி கையில் உயிரோடு ஒரு கோழி, சத்தம் போடாமல் இருக்க அதன் தலையைத் துணியால் மூடியிருந்தார்களாம்.

ஓல்மி இதைக் காட்டவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் காட்சியைப் பாட்டி பார்த்தபோது அழவில்லை. நான்தான் அழுதேன்.

செங்கதிர்:

மேகலா அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத வரவில்லை. ஆனாலும் படத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இத்தாலிய விவசாயிகள் எல்லோரும் இப்படி அடங்கிப்போனவர்கள் இல்லை. பெர்கமோவிலிருந்து அதிக தூரமில்லாத மாந்தொவா பக்கத்தில் 1884, 1885-ல் பெரிய விவசாய வேலைநிறுத்தங்கள் நடந்தன. 'லா போயே' என்று பெயர், கொதிக்கிறது என்று பொருள். 1898 மே மாதம் மிலானில் ரொட்டி விலை ஏறியதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்கள் மீது ஜெனரல் பாவா பெக்காரிஸ் பீரங்கியால் சுட்டார். அரசுக் கணக்கிலேயே எண்பது பேர் செத்தார்கள். அந்த ஜெனரலுக்கு அரசர் உம்பெர்த்தோ பதக்கம் கொடுத்தார். இதே படத்தில் புதுமணத் தம்பதி படகில் மிலானுக்குப் போகும்போது சங்கிலியில் பிணைத்துக் கூட்டிப்போகும் கைதிகளைப் பார்க்கிறார்கள், ஒன்றும் புரியாமல் கடந்து போகிறார்கள். ஓல்மி அதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவது எனக்கு உறுத்துகிறது. இதற்கு இரண்டு வருடம் முன்பு பெர்த்தொலூச்சி எடுத்த '1900' படத்தில் இதே மாதிரி மனிதர்கள் கையில் கவைக்கோலோடு எழுந்து நிற்கிறார்கள். ஓல்மியின் படம் வெளிவந்த காலத்திலேயே இத்தாலிய இடதுசாரிகள் அவரிடம் இதைக் கேட்டார்கள்.

பழைய ப்ரொஜெக்டர்:

தோழர், கேள்வி நியாயம்தான். ஆனால் யார் எழுந்தார்கள் என்று பாருங்கள். மாந்தொவாவில் முன்னால் நின்றது கூலி ஆட்கள். இன்று இந்தப் பண்ணை, நாளை அடுத்தது. இழக்க வீடு என்று ஒன்றில்லை. பாத்திஸ்தீ மாதிரி வாரக்குடிகளுக்குக் கூரையே பண்ணைக்காரருடையது. எதிர்த்துப் பேசினால் கூலி மட்டும் போகாது, படுக்கிற இடமும் போகும். அதோடு பெர்கமோ அன்றைக்கும் கோயில் மணிச் சத்தத்துக்கு நடக்கிற ஊர். கைதிகளைப் பார்த்துப் புரியாமல் நிற்கிற அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு அந்த வருடத்தின் வரலாறு. புரிந்த மாதிரி நடிக்கவைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஐயா ஆசிரியர் என்பதால் இன்னொரு படத்தையும் சொல்கிறேன். 1977-ல், அதாவது இதற்கு முந்தின வருடம், தங்கப்பனை வாங்கியதும் இத்தாலியப் படம்தான், தவியானி சகோதரர்களின் 'பாத்ரே பத்ரோனே'. அந்த வருட நடுவர் குழுத் தலைவர் இத்தாலிய இயக்குநர் ரொஸ்ஸெல்லினி. சர்தீனியாத் தீவில் சிலிகோ என்ற ஊரில் 1938-ல் பிறந்த கவீனோ லெத்தாவின் வாழ்க்கை. ஆறு வயதில் அப்பா வகுப்புக்குள் வந்து, ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று பையனை இழுத்துக்கொண்டு போகிறார். பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் அவன் ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்கிறான். பின்னால் மொழியியல் அறிஞர் ஆகி, தன் கதையை 1975-ல் புத்தகமாக எழுதினார். நடுவில் ஒரு காட்சி, வழிப்போக்கர்களிடம் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கொடுத்து ஒரு பழைய அக்கார்டியன் வாங்குகிறான். வெட்டவெளியில் அந்த முதல் சத்தம் வரும்போது மெய் சிலிர்க்கும்.

தொடக்கத்தில் நிஜமான கவீனோ லெத்தாவே வந்து ஒரு மரக்கொம்பைச் சீவி, அப்பாவாக நடிக்கும் ஒமேரோ அந்தொனூத்தியின் கையில் கொடுக்கிறார், என் அப்பா இதை வைத்திருப்பார் என்று. அங்கே பையனைப் பள்ளியிலிருந்து இழுக்க ஒரு கட்டை, இங்கே பையனைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு கட்டை. இரண்டு வருடத்தில் இரண்டு படம், இரண்டும் இத்தாலியத் தொலைக்காட்சியான ராய் பணம் போட்டு எடுத்தவை. சேர்த்துப் பாருங்கள்.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றி. மேகலா, உங்கள் பதிலைச் சத்தமாக வாசித்தேன். "படம்தானே" என்று சொன்னவர் கையில் வைத்திருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். கோழியின் தலையைத் துணியால் மூடிய இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

செங்கதிர் தம்பி, உங்கள் கோபத்தையும் நான் ஒதுக்கவில்லை. 1877-லேயே இத்தாலியில் ஆறிலிருந்து ஒன்பது வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கொப்பீனோ சட்டம் என்று ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறேன். சட்டம் வந்து இருபது வருடம் கழித்தும் ஒரு பையன் பள்ளிக்குப் போவது பாதிரியார் வந்து கெஞ்ச வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது. செருப்பைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இருந்திருக்காது.

மேகலா, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பாட்டி எதுவரை படித்தார்?

மேகலா லொம்பார்தியா:

மூன்றாம் வகுப்பு ஐயா. அந்தப் பண்ணைவீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் எல்லை. பதின்மூன்று வயதில் பட்டு நூற்பாலைக்குப் போய்விட்டார். கொதிக்கிற தண்ணீரில் கூட்டைப் போட்டு நூல் முனையை விரலால் தேடி எடுக்க வேண்டும். கடைசி வரை அவர் விரல் நுனிகளுக்குச் சூடு தெரியாது, அடுப்பிலிருந்து பாத்திரத்தை அப்படியே எடுப்பார், நான் பதறுவேன்.

புது வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று இத்தாலியில் சட்டம் வந்தது 1964-ல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அவர் பிறந்த காஷீனாவில் இப்போது ஆறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கார் நிறுத்த இடம். தொழுவம் இருந்த இடத்தில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்.

பாட்டி போன பிறகு அலமாரியைக் காலி செய்தபோது அடித்தட்டில் செய்தித்தாளில் சுற்றி ஒரு சிறிய மரச்செருப்பு இருந்தது. ஒற்றைச் செருப்பு. குதிகால் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு, அதில் யாரோ மெழுகை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அவருடைய மகள் அதை எனக்கே கொடுத்துவிட்டார். உள்ளே குதிகால் பட்ட இடமும் ஐந்து விரல் பட்ட இடமும் குழிந்து வழவழவென்று இருக்கிறது. படம் எடுத்து இங்கே போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.